மங்களம் டீச்சரின் தமிழ்

"இப்படிப் பேசுறவுகளைப் பாடம் நடத்த விட்டிருக்கீகளே, நல்லாருக்கா சார்?"

தலைமையாசிரியர் ராஜகுருவின் மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டார் பொன்ராஜ். திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். ஒரே மகள் கஸ்தூரி மூன்றாம் வகுப்பு. அவளை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்து, நாலு பேர் மெச்சும்படி பேச வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"உட்காருங்க. மங்களம் டீச்சர் அப்படி என்ன பேசிட்டாங்க?"

"இப்பத்தான் சன்னல் பக்கம் நின்னு கேட்டுட்டு வாரேன். 'ஏ பிள்ளைகளா, தை மாசம் கம்மா நெறையத் தண்ணி கெடந்துச்சு. இப்ப வறண்டு கெடக்கு. தண்ணி எங்கிட்டுப் போச்சு?'ங்காக. எம்மக எந்திரிச்சு, 'வெயிலு குடிச்சிருச்சு டீச்சர்'ங்கா. அதுக்கு இவுக, 'குடிச்சத எங்கன வச்சிருக்கு?'ன்னு கேக்காக! இந்தப் பேச்சப் படிக்கப் பள்ளிக்கூடம் எதுக்கு? மாடு மேய்க்கப் போனாலே படிச்சுக்கிடுவாளே!"

"சரி, கஸ்தூரி என்ன சொன்னா?"

"'மேகத்துல வச்சிருக்கு. பெறகு மழையாத் துப்பிரும்'னா." சொல்லும்போதே பொன்ராஜின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்புறம்?"

"அப்புறமென்ன, 'தண்ணி மேல போறதுக்குப் புஸ்தகத்துல ஆவியாதல்னு பேரு'ன்னு போர்டுல எழுதுனாக."

ராஜகுரு சிரித்தார். "போன வருசம் பூராவும் உங்க மக வகுப்புல வாயே திறக்கல. ஊமையோன்னு நானே சந்தேகப்பட்டேன்."

பொன்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தம்மா கும்பகோணத்துக்காரங்க. வந்த புதுசுல புத்தகத் தமிழ்லதான் நடத்தினாங்க. பிள்ளைங்க பேந்தப் பேந்த முழிச்சதுதான் மிச்சம். அப்புறந்தான் இந்தப் பேச்சைப் படிக்க ஆரம்பிச்சாங்க. இன்னமும் பள்ளிக்கூடம் விட்டதும் யார் வீட்டுக்கோ போய்ப் படிச்சிட்டுத்தான் வர்றாங்க."

"நல்லாப் பேசத் தெரிஞ்சவுகளையும் கெடுத்த அந்தப் புண்ணியவான் யாரு சார்?"

"அது எனக்குத் தெரியாது."

பொன்ராஜுக்கு ஆத்திரம் முழுசாகத் தணியவில்லை. வழியில் பார்த்த ரெண்டு பேரிடம், பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகும்வரை இதையே சொல்லிப் புலம்பிவிட்டு, கடைக்குப் போகப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தார். வழக்கமாகக் கடை அடைத்த பிறகுதான் வீடு திரும்புவார்.

அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

அவர் மனைவி வெள்ளைத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். 'ஒம் பட்டிக்காட்டுப் பேச்சக் கேட்டா நாலு பேரு சிரிப்பாக' என்று, வருகிறவர்கள் முன்னால் அவளை வாய் திறக்க விடாமல் வைத்திருப்பவர் பொன்ராஜ்தான்.

அவளுக்கு எதிரே, வெறுந்தரையில் மங்களம் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"மழை பேஞ்சு நின்னுபோனா எப்படிச் சொல்வீங்க?"

"மழை வெறிச்சிருச்சும்போம்."

"வெறிச்சிடுச்சு..."

வெள்ளைத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் இத்தனை சத்தமாய்ச் சிரித்துப் பொன்ராஜ் கேட்டதே இல்லை.

"டுச்சு இல்லம்மா, ருச்சு! வெறிச்சிருச்சு."

மங்களம் டீச்சர் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு வெள்ளைத்தாயிடம் கேட்டார்:

"இப்பச் சரியா, டீச்சர்?"