கூரையில் ஒரு துளை

"கார் கூரையில ஓட்டை போட்டாத்தானுங்க ஆன்டெனா நிக்கும். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுங்களா?" என்றார் மெக்கானிக் தேவசகாயம்.

தமயந்தியின் கணவர் நஞ்சப்பன் வாசல் நிழலில் சக்கர நாற்காலியில் இருந்தார். பந்தயங்களில் ஜெயித்த அந்தச் சிவப்புக் காரில் ரேடியோ வைக்க அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. இன்ஜின் சத்தத்தைவிடப் பெரிய பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்பார். கல்யாணமானதிலிருந்து அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்டு வந்தாள். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்த பிறகு, காரை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மலை ஏறினால் எஃப்எம் அறுந்துபோகும் என்பதால் சாட்டிலைட் ரேடியோவே வேண்டும் என்று வாங்கி வந்திருந்தாள்.

"ஓட்டப்போறது நான்தானுங்க" என்றாள்.

தேவசகாயம் இன்னும் தயங்கினார். தமயந்தி டிரில்லிங் மெஷினை அவர் கையிலிருந்து வாங்கி, சாக்பீஸால் குறித்திருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். சிவப்புப் பெயின்ட் சுருள்சுருளாகக் கிளம்பியது. நஞ்சப்பன் கண்களை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் இருவருமாக அவரைத் தூக்கி இடது இருக்கையில் உட்கார வைத்தார்கள். மலைப்பாதையின் முதல் வளைவில் ரேடியோவில் ஏதோ தூரதேசத்துப் பெண் ஒருத்தி பாடத் தொடங்கினாள். பாதிப் பாட்டில் நஞ்சப்பன் ரேடியோ பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு குழறிய குரலில், "எந்த ஊருப் பாட்டு இது?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. கேட்டுட்டே போலாம்" என்ற தமயந்தி, கியரைக் குறைத்து அடுத்த வளைவில் ஏறினாள்.