ஒட்டுப் போட்ட விமானம்

"நாளைக்குக் கண்காட்சி, ஊரே வேடிக்கை பார்க்க வரப்போகுது. அந்த ஒட்டு மேல ஒரு கை பெயின்ட் அடிச்சா குறைஞ்சா போயிடுவே?"

கொட்டகை வாசலில் நின்றபடி கேட்டார் வாரன். எங்கள் விமானக் கிளப்பின் தலைவர். சொந்தக் கையால் விமானம் கட்டிக் கோப்பை வாங்கியவர்.

"அடிக்க மாட்டேன்" என்றாள் ரெய்லீன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரெய்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பஸ்ஸை நிறுத்திய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அலுமினியத் தகடு வெட்டி, துளை போட்டு, ரிவெட் ஆணி அடித்து, இரண்டு பேர் உட்காருகிற விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கான வேலை.

தப்பு நடந்தது போன கோடையில். சாமான் வைக்கிற இடத்துக்கான கதவு வலப்பக்கம் வர வேண்டும். விமானத்தின் உடம்பு அப்போது மேசையில் குப்புறக் கிடந்தது. குப்புறக் கிடந்தால் வலது இடதாகிவிடும் என்பது, வெட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கதவே வேண்டாத பக்கத்தில், தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

தகடு வெட்டும் கத்தரியைக் கையில் பிடித்தபடி சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு எழுந்து, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு நேரே கிளப்புக்கு வந்தாள்.

"தப்பான பக்கம் வெட்டிட்டேன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க."

முதலில் சிரித்தவர் வாரன்தான்.

"பஸ் ஓட்டுறவ இல்ல? இடப்பக்கம் கதவு வெச்சாத்தானே கை பழக்கம்!"

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு விமானத்தை வடிவமைத்தவருக்கே போன் போட்டு, ஓட்டையை எப்படி அடைப்பது என்று கேட்டாள். விரிசல் ஓடாமல் இருக்க மூலைகளை வளைவாக அராவினாள். உள்பக்கம் கனமான தகடு கொடுத்து, சுற்றிலும் இரட்டை வரிசை ரிவெட் அடித்தாள். வரிசை கொஞ்சம் கோணியது. அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து அடித்தாள்.

விமான ஆய்வாளர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மத்த இடம் எப்படியோ, இந்த இடம் அசையாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சோதனைப் பறப்பெல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். விமானம் முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் வெறும் தகடாகவே விட்டுவிட்டாள். வெயிலில் அது பளீரென்று கண்ணைக் குத்தியது.

"பார்க்கிறவன் நம்ம கிளப்பைப் பத்தி என்ன நினைப்பான்?" வாரன் கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை.

"ஒருத்தி தப்பு பண்ணிட்டு, அதைச் சரியும் பண்ணியிருக்காள்னு நினைப்பான்."

"என் விமானத்துல இப்படி ஒண்ணைக் காட்டு பார்ப்போம். விரல் வெச்சுத் தடவினாலும் வழுக்கிட்டுப் போகும்."

"உன் விமானத்தைப் பத்தி நான் பேசலையே, வாரன்."

அவர் முகம் சிவந்தது. "சரி. முதல் வரிசையில நிறுத்தாதே. பின்னாடி தண்ணித் தொட்டிகிட்ட நிறுத்திக்க. இது தலைவர் சொல்றது."

"முதல் வரிசையிலதான் நிறுத்துவேன். ஒட்டு தெரியற பக்கமா. தள்ளணும்னா நீயே வந்து தள்ளு."

மறுநாள் காலையில் சொன்னபடியே நிறுத்தியிருந்தாள். தள்ள யாரும் வரவில்லை. ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"முட்டியில ஒட்டுப் போட்ட டவுசர் மாதிரி இருக்கு" என்றான் பக்கத்துக் கோதுமைப் பண்ணைக்கார டஸ்டி.

"இனிமே முட்டி கிழியாதுல்ல?" என்றாள் ரெய்லீன்.

கொஞ்சம் தள்ளி, தன் வெள்ளை விமானத்துக்குப் பக்கத்தில் நின்று வாரன் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். "பொறுமை வேணும், ஒழுங்கு வேணும், கிளப்போட மானத்தைக் காப்பாத்தணும்கிற எண்ணம் வேணும்." கடைசி வார்த்தைக்கு ரெய்லீன் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அவள் ஒரு கிழிந்த துணியை எடுத்து, எல்லோரும் பார்க்க அந்த ஒட்டை இன்னும் பளபளவென்று துடைத்தாள்.

அப்போது கூட்டத்துக்குச் சாசேஜ் இறைச்சி வறுக்கிற அடுப்பை விட்டு ஓர் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மெரில். வாரனின் மனைவி. ஒட்டுக்கு முன்னால் குனிந்து நின்று, ஒவ்வொரு ரிவெட்டாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

இவரும் ஏதோ சொல்லப் போகிறார் என்று ரெய்லீன் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போறியா, ரெய்லீன்?"

ரெய்லீன் துணியைக் கீழே போட்டாள். பிறகு, "ஏறுங்க" என்று கண்ணாடிக் கூண்டைத் திறந்தாள்.

ஒலிபெருக்கியைப் போட்டது போட்டபடி வாரன் ஓடி வந்தார்.

"மெரில்! உனக்குத்தான் மேல போனா வயித்தைப் புரட்டுமே! என் விமானத்துல இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஏறினதில்லையே. போயும் போயும் இந்த ஒட்டுப் போட்டதுலயா ஏறப் போறே?"

மெரில் இருக்கைப் பட்டையை நிதானமாக மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வயிறு நல்லாத்தான் இருக்கு, வாரன். உன் இறக்கையில தப்பா வெட்டின இடத்தை வெறும் பட்டியை அப்பி அடைச்சு, அவசர அவசரமா பெயின்ட் அடிச்சியே, அன்னிக்கு உனக்கு டீ கொண்டு வந்து பின்னாடி நின்னது நான்தான்."