சத்தம் வரக்கூடாது

குளத்துப் பள்ளியில் ஒன்பதாவது படித்த நித்திலன் என்ற தவளைக்குக் கணக்கும் ஏறாது, அறிவியலும் ஏறாது. பாட்டு பீரியடுக்காகத்தான் பள்ளிக்கே வந்துகொண்டிருந்தான். இந்த வருஷம் அதிலும் மண் விழுந்தது. அவன் குரல் உடைந்துவிட்டது.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் பாட்டு டீச்சர் அவனைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு நீ வாயை மட்டும் அசைடா. சத்தம் வரக்கூடாது."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே கூச்சமாக இருந்தது.

விழாவில் திரை விலகியது. டீச்சர் கையை உயர்த்தினார். வரிசையில் நின்ற அத்தனை வாய்களும் அழகாகத் திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசை அப்பாக்கள் தங்களுக்குத்தான் காது அடைத்துவிட்டதென்று குடைந்துகொண்டார்கள்.

நித்திலன் பக்கத்தில் நின்ற செங்கோடனைப் பார்த்தான்.

"உன்கிட்டயுமா சொன்னாங்க?"

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க போலடா!"

நித்திலனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே பாட்டும் வந்தது, கரகரவென்று, நடுவில் கீச்சென்று. செங்கோடன் சேர்ந்துகொண்டான். பிறகு மொத்த வரிசையும் தொண்டை கிழியப் பாடியது. அப்பாக்கள் தாமரை இலைமேல் எழுந்து நின்று தாளம் போட்டார்கள்.

டீச்சர் திட்டத்தான் ஓடிவந்தார். அந்த இரைச்சலில் அவர் வாய் மட்டும் அசைந்தது.