சொன்னபடி கேட்ட கப்பல்

சனிக்கோளைச் சுற்றிக்கொண்டிருந்த கப்பலில் செண்பகவடிவு தனியாளாக வேலை பார்த்தாள். போனவர் திரும்ப வழியில்லாத வேலை. கையெழுத்துப் போடும்போதே அவளுக்கு அது தெரியும்.

பேச்சுத் துணைக்குக் கப்பல்தான். அதற்கு எந்தச் சொல்லும் நேர்ப்பொருளில் மட்டுமே விளங்கும். "மண்ட காயுது" என்று அவள் அலுத்துக்கொண்டால் தலையில் தண்ணீர் தெளிக்கும். "பசியில உசிரு போவுது" என்றால் அபாயச் சங்கு அலறும். வடிவு வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஏழாம் வருஷம் வேலை முடிந்த அன்று, "இனி இங்கனயே கெடக்க வேண்டியதுதான்" என்றாள்.

"ஏன்? பூமிக்குத் திரும்ப எரிபொருள் இருக்கிறதே" என்றது கப்பல்.

"அது ஏது?"

"கிளம்பும்போது அம்மாவிடம் 'போயிட்டு வாரேன்' என்றீர்கள். அன்றிலிருந்து, வருவதற்கும் சேர்த்து மிச்சம் பிடித்தேன்."

"அதுக்குத்தான் இத்தன வருஷமா வெந்நீர் தரலியா?"

"ஆமாம்."

'போறேன்' என்று சொல்லக்கூடாதே என்று வடிவின் வாயில் வந்த சொல் அது. அவளே நம்பாத அந்தச் சொல்லை இந்த இரும்பு ஏழு வருஷம் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜன்னல் முழுக்கச் சனியின் வளையம் பொன்னாக விரிந்து கிடந்தது.

"எங்கே போகவேண்டும்?"

"வீட்டுக்கு" என்று வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இதுவும் வீடுதான் என்று கப்பல் இங்கேயே நின்றுவிட்டால்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"பூமிக்குப் போ. அங்க ஆழ்வார்குறிச்சியில, கீழத்தெருவுல, எங்கம்மா இருக்கா. அவகிட்ட என்னைய உசுரோட கொண்டுபோயி விடு."