புள்ளிக்காரனும் அப்பாவின் மறதியும்

"அப்பா! இன்னைக்கும் வாஷ்பேசின் குழாயை மூடாம விட்டுட்டீங்களா?"

ஆபீசிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹால் வரைக்கும் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்திவிட்டு அப்போதுதான் போயிருந்தார்.

"மறந்துட்டேம்மா" என்றார் அப்பா, துணியைப் பிழிந்துகொண்டே.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

அப்பா குனிந்து தரையைத் துடைத்தார். பதிலுக்கு சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த பெங்கால் பூனைதான் வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய பூனை. "காட்டுச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் சேர்த்து உண்டாக்கின ஜாதி. இவன் பல தலைமுறை தள்ளிப் பிறந்தவன், ரொம்ப சாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"உடம்பு வீட்டுக்கு வந்துடுச்சு மாப்பிள்ளை. புத்தி இன்னும் வந்து சேரலை" என்பார் அப்பா. புள்ளிக்காரன் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அந்த சாது திரைச்சீலையைக் கிழித்தது. டிவியைக் கீழே தள்ளியது. "இன்னும் ஒரே ஒரு சேட்டை பண்ணட்டும், வேற யாருக்காவது கொடுத்துடுவேன்" என்று மகள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு புள்ளிக்காரன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டான். சேட்டையெல்லாம் அப்பாவுக்கு வந்துவிட்டது.

பகலெல்லாம் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கோழி வேகவைத்துப் போடுவது, அவன் கக்கூஸ் போகும் மண்தட்டைச் சுத்தம் செய்வது, குச்சியில் இறகைக் கட்டி அவனை ஹால் முழுக்க ஓடவிடுவது எல்லாம் அப்பாவின் வேலை. ஓடிக் களைத்தால்தான் அவன் சும்மா இருப்பான்.

"இன்னைக்குக் குழாய். நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டா?" என்று சமையலறையில் கணவனிடம் கிசுகிசுத்தாள் மகள். "முதியோர் இல்லத்துல எப்பவும் கூட ஆள் இருப்பாங்க. பேசாம..."

"உன் அப்பா. நீதான் முடிவு பண்ணணும்."

முடிவு பண்ணிவிட்டாள். எல்லாம் அவர் நல்லதுக்குத்தான் என்று தன் மனசுக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டாள். போனில் பேசி இல்லத்தில் ஓர் அறைக்கும் ஏற்பாடு செய்தாள். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவர் துணிமணிகளை எடுத்துவைக்க ஒரு புதுப் பையும் வாங்கிக்கொண்டு வந்தாள். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோதே தண்ணீர் கொட்டும் சத்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு பாத்ரூம் வாசலுக்குப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

பேசின் விளிம்பில் புள்ளிக்காரன். முன்னங்காலால் குழாயின் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினான். தண்ணீர் பீறிட்டது. இரண்டு காலாலும் அதை அடித்து ஒரே கும்மாளம்.

"கொஞ்சம் கண்ணசந்தா போதுமே உனக்கு! அவ வர்றதுக்குள்ள துடைச்சாகணும்டா..."

துண்டோடு உள்ளறையிலிருந்து ஓடிவந்த அப்பா, மகளைப் பார்த்ததும் திருடனைப் போல விழித்தார்.

"நான்தாம்மா... மூட மறந்துட்டேன்."

புள்ளிக்காரனின் கால் இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது.

"எல்லாத்தையும் பார்த்துட்டேம்ப்பா" என்றாள் மகள். அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. பையைக் காலாலேயே மெல்லக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். "எதுக்குப்பா பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

அப்பா குழாயை மூடினார். நனைந்திருந்தவனைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.

"இவன்தான்னு தெரிஞ்சா இவனை வீட்டை விட்டு அனுப்பிடுவே. அப்பாவை அனுப்ப மாட்டேல்ல? அந்தத் தைரியம்தாம்மா!"