குடைக்குக் கீழே ஓர் அட்டை

உச்சிவெயிலில், மக்காச்சோளக் காட்டின் நடுவே அப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை, ஒரு சோளப்பயிருக்கு மேல் இருந்தது. மகள் வளர்மதி நேற்று வாங்கி வந்த ஒட்டுண்ணி அட்டைகளில் ஒன்றை அதன் இலையில் குத்தியிருந்தார். படைப்புழுவை முட்டையிலேயே அழிக்கிற, எள்ளைவிடச் சின்னக் குளவிகள் அந்த அட்டையில் பொரிக்கக் காத்திருந்தன.

“சாயங்காலம் குத்தணும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்லப்பா?” என்றாள் வளர்மதி.

“மருந்தடிக்க விடியறப்பவே இறங்கிப் பழகிட்டேன் தாயி. ஒண்ணு குத்துறதுக்குள்ள மாசி வெயிலு சித்திரையாட்டம் ஏறிருச்சு. மிச்சத்த ஈரத்துணியில சுத்தி வீட்ல வெச்சிருக்கேன்.”

“இதையும் கழட்டித் தொலைக்க வேண்டியதுதான?”

“அதுல ஒட்டியிருக்கிற முட்டை உதிர்ந்துட்டா?”

பக்கத்துக் காட்டுச் செல்லப்பன் வரப்பிலிருந்து குரல் கொடுத்தான். “மாப்பிள்ள யாரு மாமா, குடையெல்லாம் பலமா இருக்கு?”

போன வருஷம் மருந்தடித்தும் புழு காட்டை மொட்டையடித்துவிட்டுப் போனது. இந்த வருஷம் மருந்தே வேண்டாம் என்றாள் வளர்மதி. ஊரே சிரித்தபோது, “எம்மக படிச்சிருக்குது” என்று மட்டும் அப்பா சொன்னார். தோற்றால் செல்லப்பன் அவளையா கேட்பான்?

அப்பாவின் கழுத்தெல்லாம் வேர்வை. அவர் குடையை மெல்ல அவள் பக்கம் சாய்த்தார்.

“என்னைய விடுப்பா. அதுக்குப் பிடி.”

அட்டையின் ஓரத்தில் ஒரு தூசு நடந்தது. ஊதிவிடுவோமோ என்று இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.