பன்னிரண்டு நாள் மீன்

பன்னிரண்டு நாளாகப் பெட்டிக்குள் இருந்த ஆறு மீன்களையும் அவசரமாக வெளியே எடுத்தார் மாப்பிள்ளை. காலையில் வந்திறங்கிய மீன்களில் ஆறை அந்த இடத்தில் அடுக்கி மூடினார். பழையவை மூலையில் கிடந்த காலிக் கூடைக்குள் போயின. மேலே ஒரு சாக்கு. மோந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

முன்கடையில் மாமியார் தராசோடு நின்றிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, உங்க மீன் இன்னும் காத்தைக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா?"

"கரியமில வாயு அத்தை. ஐஸ் குளிர்ல ஆக்சிஜனைக் குறைச்சு அதைக் கூட்டினா கிருமி சீக்கிரம் பெருகாது."

"பாவம், மூச்சு முட்டிச் செத்த மீனுக்கு மறுபடியும் மூச்சு முட்ட வைக்கிறீங்க!"

மீன் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு நாளாக இதே கச்சேரி.

இருந்த வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர் அவர். இன்று குளிர்கிடங்கு முதலாளி பார்த்துச் சரி என்றால், கிடங்கு முழுக்க இந்த முறைதான். இல்லையென்றால் அவ்வளவுதான்.

முதலாளி பதினொரு மணிக்கு வந்தார். மீனை அழுத்தினார், வயிற்றைக் கீறினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"கண்ணு லேசா மங்கியிருக்கு. ஆனா சதை கெட்டியா இருக்கு, கெட்ட வாடையே இல்ல. பன்னிரண்டு நாளா! அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் தட்டில் வறுத்த மீன் விழுந்தது. கை அதன் பக்கம் போகவில்லை.

"அத்தை, முதலாளிகிட்ட போய் உண்மையைச் சொல்லிடப்போறேன். அது பெட்டி மீன் இல்ல. காலையில நான்..."

"மாத்தி வெச்சீங்க. எடை போட்டு வெச்ச மீன்ல ஆறு குறைஞ்சா எனக்குத் தெரியாதா? தேடிப் போனேன், கூடையில உங்க மீன் கிடந்துச்சு. பன்னிரண்டு நாளா கிண்டல் பண்ணின நான்கூட எடுத்து மோந்து பார்த்தேன். நீங்க பார்க்கலையே மாப்பிள்ளை!"

"என்ன சொல்றீங்க அத்தை?"

மாமியார் இன்னொரு துண்டை எடுத்து வைத்தார்.

"முதலாளி பார்த்தது உங்க மீனைத்தான். நீங்க மாத்தி வெச்சதுதான் தட்டுல இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."